நிச்சயத்தன்று நான் ஏன் மயங்கி விழுந்தேன்

ராசா,

முந்தாநாள் நீ போனில் சொன்னதை உனக்கே ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், கேள். "எம்மா, அடுத்த திங்கக்கெழம மதுரை ஆஸ்பத்திரியில டெஸ்டுக்கு நாள் வாங்கிட்டேன். எங் கிட்னி ஒண்ணு ஒனக்கு. தையில கல்யாணம் நடக்கலன்னா தள்ளி வச்சிக்கிடலாம். நீ ஒண்ணும் பேசாண்டாம்." இவ்வளவுதான். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். பேச வேண்டாம் என்றாய் அல்லவா, நான் பேசவில்லை. எழுதுகிறேன். எழுதுவதில் ஒரு சௌகரியம், நீ குறுக்கே வர முடியாது. கூரியரில் போட்டால் மூன்று நாளில் புனேவுக்கு வந்துவிடும் என்று கடைக்காரத் தம்பி சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறான். நீ ரயில் ஏறுவதற்கு முன் இது உன் கையில் இருக்க வேண்டும். பொறுமையாக உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி. உன் அம்மாவுக்கு எதையும் சுருக்கமாகச் சொல்ல வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான்.

முதலில் உண்மையைப் போட்டு உடைத்துவிடுகிறேன். ஐப்பசியில் உன் நிச்சயதார்த்தத்தன்று கையில் தாம்பாளத்தோடு நான் மயங்கி விழுந்தேனே, அதைப் பார்த்துத்தான் நீ இந்த முடிவுக்கு வந்திருக்கிறாய். வயிற்றில் பை மாற்றுகிற வைத்தியம் அம்மாவுக்குக் கைகொடுக்கவில்லை, இனியும் தாமதித்தால் ஆளே இருக்கமாட்டாள் என்று பயந்துவிட்டாய். அப்படி இல்லை. வைத்தியம் நன்றாகத்தான் வேலை செய்கிறது. அன்றைக்கு நான் விழுந்தது நோயால் அல்ல, என் சொந்தக் கைவேலையால். அதை மறைத்து, விரதம் இருந்ததால் வந்த மயக்கம் என்று உன் பேச்சி அத்தை சொன்ன பொய்க்கும் தலையாட்டி, உன்னை ரயில் ஏற்றி அனுப்பினேன். ஒரு பொய்யை நம்பி நீ உன் உடம்பை அறுக்கக் கொடுக்க நான் விடமாட்டேன். என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

என் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்று மதுரையில் டாக்டர் சொன்னபோது நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். கடலைமிட்டாய் அடுப்படியில் வருஷக்கணக்காக நின்று, முழங்கால் வலிக்கு பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் நான் வாங்கி விழுங்கிய மாத்திரைகள்தான் காரணமாக இருக்கும் என்று அவர் சொன்னதையும் கேட்டாய். ஆனால் என் வயிற்றில் குழாய் வைத்த பிறகு நீ ஊருக்கு வந்த ஒவ்வொரு தடவையும், நான் பை மாற்றுகிற நேரம் பார்த்து "வெளிய போயிட்டு வாரேம்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். எனக்குத் தெரியாதா? சின்ன வயசில் கையில் முள் குத்தினால் கூடக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கையை நீட்டுகிற பிள்ளை நீ. அதனால் உன்னைக் கூப்பிட்டு வைத்து நான் எதையும் காட்டவில்லை. அது என் தப்பு. எனக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாததால்தான் உனக்கு இவ்வளவு பயம், இவ்வளவு அவசரம். முதலில் அதைத் தெரிந்துகொள்.

எனக்கு இந்த வேலையைப் பழக்கிக் கொடுத்த நர்சு குளத்தூர்க்காரி. அவளுடைய அப்பா உப்பளத்தில் வேலை பார்ப்பவராம். முதல் நாள் அவள் எதைச் சொன்னாலும் நான் அழுதுகொண்டே இருந்தேன். குழாயைப் பிடித்திருந்தவள் அதைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, மாங்கா ஊறுகா போடுவீங்களா?" என்றாள். போடுவேன் என்றேன். "நறுக்குன மாங்காயில உப்பப் போட்டுக் குலுக்கி வச்சா மறுநா என்ன ஆவுது?" "தண்ணி விட்டுக் கெடக்கும்." "அந்தத் தண்ணி எங்க இருந்து வந்துச்சு? நீங்களா ஊத்துனீங்க? மாங்காக்குள்ள இருந்த தண்ணி. வெளிய உப்பு கூடக் கெடக்குன்னு தானா ஓடியாருது. ஒங்க வயித்துலயும் அதே கததான். உப்புக்குப் பதிலு சர்க்கரை, அம்புட்டுதான்."

நம் வயிற்றுக்குள்ளே, குடலைச் சுற்றி, வெங்காயத்தை உரித்தால் உள்ளே வருமே ஒரு மெல்லிய தோல், அது மாதிரி ஒரு சவ்வு இருக்கிறதாம். அதில் பொடிப்பொடியாக ரத்தக்குழாய்கள். தொப்புளுக்குப் பக்கத்தில் வைத்த குழாய் வழியாக இரண்டு லிட்டர் சுத்தமான சர்க்கரைத் தண்ணீரை உள்ளே விடுகிறோம். சவ்வுக்கு அந்தப் பக்கம் ரத்தத்தில் கழிவு நிறைய. இந்தப் பக்கம் பைத்தண்ணீரில் கழிவே இல்லை. கூட இருக்கிற இடத்திலிருந்து குறைவாக இருக்கிற இடத்துக்கு அது தானாகவே நகர்ந்து வருகிறது, யாரும் பிடித்துத் தள்ள வேண்டாம். ரத்தத்தின் அணுக்கள் பெரியவை, சவ்வின் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் நுழையாது, அதனால் ரத்தம் அந்தப் பக்கமே நின்றுவிடும். உடம்பில் தேங்கியிருக்கிற தண்ணீரைச் சர்க்கரை இழுத்துக்கொள்ளும். நாலைந்து மணி நேரத்தில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். அதற்குப் பிறகு உள்ளே கிடந்து பிரயோசனம் இல்லை, வடித்துவிட்டுப் புதுசு விட வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை. மிஷின் கிடையாது, மின்சாரம் கிடையாது. கோவில்பட்டி முழுக்கக் கரண்ட் போனாலும் எனக்குள் வேலை நடந்துகொண்டே இருக்கும். இதைக் கேட்டதும் நான் அழுகையை நிறுத்திவிட்டேன். என் உடம்பு இன்னும் ஒரு வேலைக்கு ஆகும் என்பதே அன்றைக்கு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மிட்டாய்ப் பட்டறைக்குப் பின்னால் கடலை மூட்டை கிடந்த சின்ன அறையை உன் அப்பா காலி செய்து வெள்ளையடித்துக் கொடுத்தார். சரக்கு நிறுக்கும் தராசு தொங்கிய கொக்கியில் இப்போது என் பை தொங்குகிறது. சன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் குழாயைத் தொடுவேன். வடிந்த பையை எடை போட்டு, உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று நோட்டில் எழுதுவது உன் அப்பாவின் வேலை. அதற்குப் பிறகு ஒரு சோதனை உண்டு. பைக்குப் பின்னால் தினசரிப் பேப்பரைப் பிடித்து, தண்ணீர் வழியாக எழுத்தைப் படிக்க வேண்டும். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் உள்ளே கிருமி இல்லை. தண்ணீர் கலங்கி எழுத்து தெரியாவிட்டால் அந்த நிமிஷமே மதுரைக்குக் கிளம்ப வேண்டும். உன் அப்பா தலைப்புச் செய்தியை மட்டும் படித்துவிட்டு, "நல்லாத் தெரியுதுட்டி" என்று தப்பிக்கப் பார்ப்பார். "கொட்ட எழுத்து யாருக்கும்தான் தெரியும், பொடி எழுத்தப் படிங்க" என்பேன். வரி விளம்பரம் வரைக்கும் படிப்பார். எந்தத் தெருவில் எந்த வீடு வாடகைக்குக் கிடக்கிறது என்பது இப்போது அவருக்கு அத்துபடி.

இனி என் கைவேலைக்கு வருகிறேன். பைகளில் மூன்று வகை. மஞ்சள் வளையம் போட்டதில் சர்க்கரை கம்மி, பச்சையில் நடுத்தரம், சிவப்பில் அதிகம். சர்க்கரை ஏற ஏறத் தண்ணீரை இழுக்கும் வேகமும் ஏறும். எனக்கு எழுதிக் கொடுத்தது மஞ்சளும் ஒரு பச்சையும்தான். மூச்சு முட்டினால், அதுவும் போன் போட்டுக் கேட்ட பிறகு மட்டும் போடச் சொல்லி இரண்டு பெட்டி சிவப்பு கொடுத்திருந்தார்கள். நான் யார்? முப்பது வருஷம் பாகு காய்ச்சியவள். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அது உருண்டு, தட்டினால் 'டக்' என்று சத்தம் வருவதை வைத்தே பதம் சொல்லிவிடுவேன். பாகு இளகலாக இருந்தால் மிட்டாய் பிசுபிசுத்துப் போகும், கெட்டியாக இருந்தால்தான் சரக்கு நிற்கும். சர்க்கரை விஷயத்தில் எனக்கு ஒருத்தர் பாடம் எடுக்க வேண்டுமா என்கிற திமிர் மனசின் ஒரு மூலையில் இருந்திருக்கிறது. அது இருப்பதே எனக்கு அப்போது தெரியாது.

நிச்சயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நீ போனில் என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "எம்மா, நிச்சயம் முடியிற வரைக்கும் அவிய வீட்டுல ஒண்ணும் சொல்லாண்டாம். கல்யாணத்துக்கு அப்புறம் நானே பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்." நானும் சரி என்றேன். உன்னை மட்டும் குற்றம் சொல்லவில்லை, நான் சரி என்றதால்தான் அது நடந்தது. அதற்கு முன்பே கழுகுமலையிலிருந்து நீ கட்டப்போகிற கோமதியின் வீட்டார் நம் வீடு பார்க்க வந்தபோது, கூரை தொட அடுக்கியிருந்த பைப் பெட்டிகளைக் காட்டி, "எல்லாம் மெட்ராசுக்குப் போற மிட்டாய்ப் பெட்டி" என்று உன் பேச்சி அத்தை கூசாமல் அளந்துவிட்டாள். "அப்ப எங்களுக்கு ஒரு பெட்டி ஒடைங்க" என்று கோமதியின் சித்தப்பா ஒரு பெட்டி மேல் கையை வைத்தார் பார், உன் அப்பா பதறிப்போய்ப் பட்டறைக்குள் ஓடி, சூடு ஆறாத மிட்டாயை அள்ளிக்கொண்டு வந்து நீட்டினார். அவர்கள் போன பிறகு உன் அத்தை என்னை நிறுத்தி ஏற இறங்கப் பார்த்தாள். "ஏட்டி, ஒம் மொகமும் காலும் ஊதிப்போயிக் கெடக்கு. நிச்சயத்தன்னைக்கு நூறு பொம்பளைய பாப்பாவ. ஒருத்தி கண்டுபிடிச்சாப் போதும், இந்தச் சம்பந்தம் தட்டிப்போயிரும்" என்றாள். அன்று முழுக்க நான் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிச்சயத்துக்கு மூன்று நாள் முன்னால் சிவப்புப் பெட்டியை உடைத்தேன். உன் அப்பா வளையத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "நர்சு போன்ல சொல்லிட்டா" என்று அவரிடமும் பொய். காலை, மத்தியானம், சாயங்காலம், படுக்கும்போது என்று நாலு வேளையும் சிவப்பு. இரண்டு லிட்டர் உள்ளே போய், மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வெளியே வந்தது. தராசு முள் இறங்குவதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! முதல் நாள் கால் வற்றியது. இரண்டாம் நாள் கல்யாண வளையல் சோப்புப் போடாமல் கையில் ஏறியது. மூன்றாம் நாள் கண்ணாடியில் என் பழைய முகம். தலை லேசாகக் கிறுகிறுத்தது, கெண்டைக்கால் பிடித்து இழுத்தது, நாக்கு வறண்டது. அழகு வேண்டுமென்றால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று இருந்துவிட்டேன். அன்று காலையில் இரத்த அழுத்தம் கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் எழுத வேண்டும், எழுதினால் உன் அப்பா பார்ப்பார்.

மிச்சம் நீ பார்த்தது. தாம்பாளத்தைத் தூக்கி நிமிர்ந்தேன், பந்தல் விளக்கெல்லாம் ஒன்றாகச் சுற்றியது. தேங்காயும் வெற்றிலையும் உருண்டோடின. நீ என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதும், வேட்டி தடுக்கி நீ விழப்போனதும் அரைகுறையாக நினைவிருக்கிறது. பக்கத்து ஆஸ்பத்திரியில் ஊசி வழியாக உப்புத்தண்ணீர் ஏற்றினார்கள். மூன்று நாளாக நான் மெனக்கெட்டுப் பிழிந்து எடுத்த தண்ணீரை அவர்கள் இரண்டு மணி நேரத்தில் திரும்ப உள்ளே விட்டார்கள், நான் எழுந்து உட்கார்ந்தேன். உன் முகம் வெளுத்துப்போயிருந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வெட்கம் வாயைக் கட்டிவிட்டது. அந்த வெட்கத்தின் விலைதான் நீ திங்கட்கிழமைக்கு வாங்கி வைத்திருக்கிற நாள்.

அடுத்த வாரம் மதுரைக்குப் போனபோது, உன் அப்பா மருந்து வாங்க வரிசையில் நின்ற நேரம் பார்த்து டாக்டரிடமும் நர்சிடமும் உண்மையைச் சொன்னேன். அந்தக் குளத்தூர்ப் பெண்தான் பொரிந்து தள்ளிவிட்டாள். "என்னம்மா செஞ்சிருக்கீங்க? மாங்காயில தண்ணி வத்துனா ஊறுகா. மனுசிக்கு வத்துனா பெழைக்க முடியுமா? அதும்போக, அம்புட்டு சர்க்கரைய நாலு வேளையும் விட்டா அந்தச் சவ்வு என்னத்துக்கு ஆவும்? அடுப்பெரிஞ்சுக்கிட்டே இருந்தா ஒங்க பாகுச்சட்டி கருகாதா?" அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு நாள் மயக்கத்தோடு போவதில்லை, தேவையில்லாமல் கெட்டிச் சர்க்கரை போட்டுக்கொண்டே இருந்தால் சவ்வே நாளடைவில் கெட்டுப்போகும். மூன்று நாளில் பெரிய சேதம் வந்திருக்காது என்று சோதித்துப் பார்த்துச் சொன்னார்கள். என் ரத்தத்தில் கழிவு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற சீட்டையும் இதோடு வைத்திருக்கிறேன், படித்துப் பார். நல்லபடியாகத்தான் இருக்கிறது. இனி நோட்டில் எழுதாமல் ஒரு பையும் மாற்றமாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஊருக்கு வந்து நாலு நாள் யோசித்தேன். யாரிடம் மறைக்கப்போய் இந்த வினை வந்ததோ, அவர்களிடம் போய் நேரில் சொல்வது என்று முடிவு செய்தேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் தடுப்பாய். போன செவ்வாய்க்கிழமை காலையில் பை மாற்றிவிட்டு, "மூணு மணி நேரத்துல வந்திருவேன்" என்று உன் அப்பாவிடம் மட்டும் சொல்லிக் கழுகுமலை பஸ் ஏறினேன். மழை பெய்து விட்டிருந்தது. பெண் வீட்டுத் தெருவில் கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு காலைத் தூக்கவே விடவில்லை. என் வயிற்றில் இரண்டு லிட்டர் தண்ணீர், அதில் என் ரத்தத்தின் கழிவு ஒரு பக்கம் இறங்கிக்கொண்டிருக்க, நான் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். இப்படி ஊர் சுற்ற முடிகிறவளைத்தான் நீ சாகக் கிடக்கிறவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

சம்பந்தியம்மா ஓடிப்போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். வந்த வீட்டில் காப்பியை வேண்டாம் என்றால் அதை விட மரியாதைக்குறைவு வேறு இல்லை. டம்ளரைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு சொன்னேன்: "சம்பந்தி, எனக்கு ஒரு நாளைக்கு இம்புட்டுத்தான் தண்ணி குடிக்கலாம்னு அளவு இருக்கு. இந்தக் காப்பிய குடிச்சா சாயங்காலம் தண்ணி குடிக்க முடியாது. எனக்கு ரெண்டு கிட்னியும் வேல செய்யல." அந்த அம்மா டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். பெட்டிகளில் இருந்தது மிட்டாய் இல்லை என்பதையும், நிச்சயத்தன்று வந்தது விரத மயக்கம் இல்லை என்பதையும் ஒன்று விடாமல் சொன்னேன். கோமதியின் அப்பா தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்: "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?" "சொல்லியிருக்கணும் அண்ணாச்சி. தப்பு எங்க மேலதான்." "கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுதோம்" என்றார். கோமதி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பும் பஸ்ஸில் அழுதேன். என் மகன் கல்யாணத்தை என் வாயாலேயே கலைத்துவிட்டு வருகிறேன் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் போனது தப்பு என்று ஒரு நிமிஷமும் தோன்றவில்லை. கோபம் வருகிறதா? வரட்டும். மேலே படி.

ஐந்து நாள் தகவல் இல்லை. சனிக்கிழமை நீ போனில் உன் பங்குக்கு ஒரு குண்டைப் போட்டாய். நேற்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் கை கழுவிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஆட்டோச் சத்தம். கோமதியும் அவளுடைய அம்மாவும். "இப்பத்தான் மாத்தப் போறீங்களா அத்த? நான் பாக்கலாமா?" என்றாள். உள்ளே வருகிறவர்களும் வாயைக் கட்ட வேண்டும் என்றேன். கட்டிக்கொண்டு வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடவில்லை. கணக்கு டீச்சர் இல்லையா, கேள்வி மேல் கேள்வி. "ரெண்டு பக்கமும் சமமாயிருச்சுன்னா அதுக்கு மேல கழிவு வராதா?" "வராது. அதான் நாலு தடவ." "ராத்திரி தூங்குறப்ப?" "ராத்திரியும் ஒண்ணு உள்ள கெடக்கும்." எடை போட்டதும் நோட்டை அவளே வாங்கி எழுதினாள். பிறகு உன் அப்பாவிடமிருந்து பேப்பரை வாங்கிப் பைக்குப் பின்னால் பிடித்து, யாரும் சொல்லாமலே பொடி எழுத்தாகப் பார்த்துப் படித்தாள். சம்பந்தியம்மா வாசல்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுல சம்மதிச்சுட்டாவ அத்த. நீங்க மறச்சுக்கிட்டே இருந்திருந்தா எங்க அப்பா ஒத்துக்கிட்டிருக்க மாட்டாவ. நீங்களே பஸ் ஏறி வந்து சொன்னீங்கல்லா, அதான்" என்றாள்.

அவளிடம் இனி எதையும் மறைப்பதில்லை என்று இருந்தேன். அதனால் நீ திங்கட்கிழமை என்ன செய்யப்போகிறாய் என்பதையும் சொல்லிவிட்டேன். அவளுக்கு அது தெரியவே தெரியாது. முகம் சுருங்கிப்போனது. குழாய் மூடியை நான் திருகி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவிய குடுக்கணும்னு நெனச்சா குடுக்கட்டும் அத்த. நான் தடுக்க மாட்டேன். ஆனா எங்கிட்ட சொல்லிட்டுக் குடுக்கட்டும்." கேட்டாயா, ராசா? நம் இரண்டு பேருக்கும் சேர்த்து அந்தப் பிள்ளை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டது. மறைப்பது பாசம் என்று நினைத்தோம், நீயும் நானும். பாசமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பயம்தான்.

உன் மனசு எனக்குத் தெரியும். உன் அப்பாவுக்கும் தெரியும். சனிக்கிழமை நீ பேசி முடித்ததும் அவர் பட்டறை மூலையில் போய் நின்று, "எனக்கு மட்டும் சர்க்கரை வியாதி இல்லன்னா நான் குடுத்திருப்பேன்ட்டி, பிள்ளைய கேக்க விட்டிருப்பேனா" என்று குலுங்கி அழுதார். நானும் அழுதேன். தன் உடம்பிலிருந்து ஒன்றை எடுத்துத் தருகிறேன் என்று சொல்ல ஒரு பிள்ளை இருக்கிறது என்பதே எனக்கு நிறைந்துவிட்டது. வீம்புக்காக நான் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். மாற்றுச் சிறுநீரகம் பொருந்தினால் அது இதைவிட நல்ல வைத்தியம்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்தச் சவ்வும் சில வருஷத்தில் களைத்துப்போகலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அதையெல்லாம் உன்னிடம் மறைத்தால் பழைய குருடிதான் நான். அப்படி ஒரு நாள் வந்தால், உன் அப்பா, நீ, கோமதி, நான், டாக்டர் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவோம். அன்றைக்கு உன் பெண்டாட்டி உன் பக்கத்தில் எல்லாம் தெரிந்தவளாக உட்கார்ந்திருக்க வேண்டும். இன்றைக்கு அந்த நாள் இல்லை. நான் என் முகத்தை அழகாக்கப் போய் விழுந்ததற்கு நீ கிட்னி தர வேண்டியதில்லை.

எனவே நீ செய்ய வேண்டியது இது. இதைப் படித்து முடித்ததும் முதலில் கோமதிக்குப் போன் போடு. அவள் திட்டுவாள், வாங்கிக்கொள். இரண்டாவது, மதுரைக்குப் போன் போட்டு நாளை ரத்து செய். மூன்றாவது, அடுத்த தடவை ஊருக்கு வரும்போது நான் பை மாற்றுகிற நேரத்தில் செருப்பைத் தேடாதே. உள்ளே வந்து உட்கார். பயமாக இருந்தால் இருக்கட்டும், பயந்துகொண்டே பார். கல்யாணத்தன்று மண்டபத்தில் பின்னறை ஒன்று எனக்கு வேண்டும், அதில் ஒரு கொக்கி இருந்தால் போதும் என்று உன் அப்பா பேசிவிட்டார். முகூர்த்தத்துக்கு முன் ஒன்று, பந்தி முடிந்து ஒன்று. என் கால் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கும், முகமும் பூரித்துத்தான் இருக்கும். அந்த முகத்தோடுதான் மேடையில் உன் பக்கத்தில் நிற்பேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

முதல் பக்கத்தை எழுதி முடித்தபோது காலைப் பை வடிந்திருந்தது. உன் அப்பா பேப்பரை எடுக்கப் போனார். "அது வேண்டாம், இதப் பிடிச்சுப் படிங்க" என்று இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தைக் கொடுத்தேன். சிவப்புப் பை நான் சொந்தமாகப் போட்டது என்று இத்தனை நாளும் அவருக்குத் தெரியாது, அவரிடம் நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பைக்குப் பின்னால் தாளைப் பிடித்து வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். "என் சொந்தக் கைவேலையால்" என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டார். தாளைப் பைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கிப் பிடித்தார். திட்டப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன், உன்னைப் போல. மீதி வரிகளையும் கடைசி வரை படித்தார். தாளை மடித்து என் மடியில் வைத்தார். "ஒரு எழுத்து விடாமத் தெரியுதுட்டி" என்றார். "அனுப்பு."

அனுப்புகிறேன். டெஸ்டுக்கு வராதே, ராசா. கல்யாணத்துக்கு வா.

உன் அம்மா